சக்கரக் குதிரை

யந்திரங்களுக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் நின்றுபோனால் அதற்குப் பாட்டரி மாற்றுகிற உத்தியோகம்கூட என் மனைவியைச் சேர்ந்தது. நாவலில் கதாநாயகனை மோட்டாரில் ஏற்றி மலைப் பாதையில் அனுப்புவேன். மோட்டார் நடுவழியில் நிற்க வேண்டிய கட்டம் வந்தால், "ஏதோ கோளாறு" என்று எழுதிவிட்டு அடுத்த பாராவுக்கு நகர்ந்துவிடுவேன். என்ன கோளாறு என்று இதுவரையில் எந்த வாசகரும் கடிதம் எழுதிக் கேட்டதில்லை. அந்த தைரியத்தில் காலம் ஓடிக் கொண்டிருந்தது.

அப்படிப்பட்ட நான் 2023-ஆம் வருஷக் கோடையில், அமெரிக்காவில் ஒரு மரக் கொட்டகைக்குள், முழங்கை வரையில் கிரீஸைப் பூசிக் கொண்டு ஆறு வாரம் உட்கார்ந்திருந்தேன் என்றால் என்னை அறிந்தவர்கள் நம்பமாட்டார்கள். என் மனைவி கண்ணால் பார்த்தாள், அவளே நம்பவில்லை.

பெண்ணைப் பார்க்க அமெரிக்காவுக்குப் போகும் தகப்பனார்களின் கதி எல்லோருக்கும் தெரிந்ததுதான். முதல் வாரம் ராஜோபசாரம். இரண்டாவது வாரம் பெண்ணும் மாப்பிள்ளையும் ஆபீசுக்குப் போய்விடுவார்கள். பிறகு ஜன்னல்தான் கதி. இந்தியானா மாகாணத்தில் சௌத் பெண்ட் என்ற ஊர். ஜன்னல் வழியாகப் பார்த்தால் புல்தரை, அதற்கப்பால் இன்னொரு புல்தரை. தெருவில் காக்காய் குருவி கிடையாது என்று சொன்னால் பொய்யாகும். குருவி இருந்தது, மனிதர்கள்தான் இல்லை. பக்கத்து வீட்டுக் கொட்டகையிலிருந்து மட்டும் காலை ஒன்பது மணிக்கு, "டிங், டிங்" என்று யாரோ இரும்பைத் தட்டுகிற சத்தம் கேட்கும். என் ஒன்பது வயதுப் பேரன் ஒரு நாள் என் கையைப் பிடித்து அங்கே இழுத்துக் கொண்டு போனான்.

உள்ளே எழுபத்திரண்டு வயதுப் பெரியவர் ஒருவர். என்னைவிட ஒரு வயது சின்னவர். அவர் எதிரில், குடல் குந்தாணி எல்லாம் வெளியே எடுக்கப்பட்ட நிலையில் ஒரு சின்ன டிராக்டர். டிராக்டர் என்றதும் வயலில் உழுகிற பூதத்தை நினைத்துக் கொள்ளாதீர்கள். இது என் இடுப்பு உயரம்தான் இருந்தது. மூக்கு நீண்டு, முன் சக்கரம் சிறுத்து, பின் சக்கரம் பெருத்து, தாயோடு நடக்கிற கன்றுக் குட்டி மாதிரி இருந்தது. தோட்டத்து டிராக்டர் என்று பெயர். அடியில் கத்தியை மாட்டினால் புல் வெட்டும்; பின்னால் கலப்பை மாட்டினால் காய்கறிப் பாத்தி உழும்; முன்னால் பலகை மாட்டினால் பனியைத் தள்ளும்.

"இது வீல் ஹார்ஸ். இந்த ஊரிலேயே பிறந்தது" என்றார் பெரியவர்.

வீல் ஹார்ஸ் என்றால் சக்கரக் குதிரை. நாலு குதிரை, ஆறு குதிரை பூட்டிய வண்டிகளில் முன்னால் போகிற ஜோடிக்குத்தான் பார்வை எல்லாம். ஆனால் சக்கரத்தை ஒட்டிப் பின்னால் பூட்டிய ஜோடிதான் பாரத்தைத் தாங்கும். பள்ளத்தில் இறங்கும்போது வண்டியைப் பிடித்து நிறுத்துவதும் அதுதான். சத்தம் போடாமல் உழைக்கிற மனிதனையும் இங்கிலீஷில் இந்தப் பெயரால் சொல்வதுண்டு. நம் குடும்பங்களில் தேடினால் வீட்டுக்கு ஒருவர் கிடைப்பார். பெரும்பாலும் மூத்த பிள்ளையாகவோ, கல்யாணமாகாத அத்தையாகவோ இருப்பார்.

எல்மர் பாண்ட் என்பவரும் அவர் பிள்ளை சிசில் பாண்டும் 1946-ல் தங்கள் வீட்டு மோட்டார்க் கொட்டகையில் இந்தச் சின்ன டிராக்டர்களைச் செய்ய ஆரம்பித்தார்களாம். யுத்தம் முடிந்து திரும்பிய சிப்பாய்கள் ஊருக்கு வெளியே நிலம் வாங்கி வீடு கட்டிக் கொண்டிருந்த சமயம். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் தோட்டம். ஆளுக்கோ கூலி கட்டாது, குதிரைக்கோ தீனி கட்டாது. குதிரைத் தலையை முத்திரையாகப் போட்ட சிவப்பு டிராக்டர் நன்றாக விலை போயிற்று. 1974-ல் கம்பெனி அமெரிக்கன் மோட்டார்ஸ் வசம் போயிற்று. 1986-ல் டோரோ கம்பெனி வாங்கியது. சௌத் பெண்டில் இப்போது புதிதாக ஒரு சக்கரக் குதிரையும் பிறப்பதில்லை. கொட்டகைகளில் கிடக்கிற கிழக் குதிரைகளைத் தேடிப் பிடித்து உயிர் கொடுப்பதற்கு மட்டும் அந்த தேசம் முழுவதும் ஆட்கள் இருக்கிறார்கள். ஒருவருக்கு ஜான் டீர்தான் தெய்வம். இன்னொருவருக்கு மஞ்சளும் வெள்ளையுமான கப் காடெட். சைவ வைஷ்ணவச் சண்டை தோற்றுப் போகும். கோடையில் பொருட்காட்சி மைதானங்களில் கூடி, ஒருவர் டிராக்டரை இன்னொருவர் சுற்றி வந்து, பெண் பார்க்கிற தோரணையில் குனிந்து பார்த்து, "ஆணி அசல்தானா?" என்று கேட்பார்களாம்.

பெரியவருடைய டிராக்டர் 854-ஆம் மாடல். 8 குதிரைச் சக்தி, 1964-ஆம் வருஷம். அதுதான் 854 என்று விளக்கினார். இவ்வளவு நேர்மையாகப் பெயர் வைக்கிற வழக்கம் இப்போது மோட்டார்க் கம்பெனிகளிடம் இல்லை. எஞ்சின் கோலர் கம்பெனியுடையது. ஒற்றை சிலிண்டர், வார்ப்பிரும்பு, சுமார் 305 கன சென்டிமீட்டர். நம் ஊர்ப் புல்லட் மோட்டார் சைக்கிளுக்கு ஒரு தம்பி என்று வைத்துக் கொள்ளுங்கள். 1999-ல் அவர் தகப்பனார் காலமான பிறகு யாரும் அதைத் தொடவில்லை. இருபத்து நாலு வருஷத்தில் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக் கொண்டுவிட்டது. காற்று போகிற தகட்டுக்குள் எலி ஒன்று சம்சாரம் நடத்தி, பிள்ளை குட்டி பெற்று, காலி செய்தும் போயிருந்தது.

ஒட்டிக் கொண்ட பிஸ்டனைப் பற்றி நான் கற்றது இதுதான்: அடிக்கக் கூடாது. பலசாலிகள் சுத்தியலை எடுத்து அடித்து, இருக்கிற எஞ்சினையும் உடைத்துவிடுகிறார்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு அந்தத் துவாரத்தில் எண்ணெய் விட வேண்டும். கியர் எண்ணெயும் அசிட்டோனும் கலந்து அவரே ஒரு கஷாயம் வைத்திருந்தார். விட்டுவிட்டு மறு நாள் வர வேண்டும். ஃப்ளைவீலைக் கையால் மெள்ள அசைத்துப் பார்க்க வேண்டும். அசையவில்லையா? இன்னும் கொஞ்சம் கஷாயம். இன்னும் ஒரு நாள். பதினோராம் நாள் ஒரு நூல் அசைந்தது. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்து கொண்டார். பேரன் "அசைஞ்சிடுச்சு! அசைஞ்சிடுச்சு!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினான்.

பேரனுக்கு மிகவும் பிடித்தது துரு எடுக்கிற வைத்தியம். ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், அதில் சலவைச் சோடா. துருப்பிடித்த சாமானைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, பாட்டரி சார்ஜரின் நெகட்டிவ் முனையை அதில் மாட்டுவது. பாஸிடிவ் முனையை ஒரு பழைய இரும்புத் துண்டில் மாட்டித் தொட்டிக்குள் வைப்பது. மாற்றி மாட்டினால் சாமான் கரைந்து போகும். சுவிட்சைப் போட்டால் சோடாக் கலர் மாதிரி குமிழி கிளம்பும். கிளம்புவது ஹைட்ரஜன் வாயு. ஆகையால் தொட்டியை வெட்ட வெளியில்தான் வைக்க வேண்டும், எவர்சில்வர் துண்டைப் போடக் கூடாது, விஷம். மறு நாள் காலையில் எடுத்துத் துடைத்தால் துரு கறுப்புச் சேறாக வழிந்து, அடியில் இரும்பு தெரியும். "என் முட்டிக்கும் இப்படி ஒரு தொட்டி இருந்தால் தேவலை" என்று என் மனைவி வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அபிப்பிராயம் தெரிவித்தாள்.

பெட்ரோல் தொட்டிக்குள் ஒரு சங்கிலித் துண்டைப் போட்டுக் குலுக்கிக் குலுக்கித் துருவை உதிர்த்தோம். கார்புரேட்டருக்குள் பழைய பெட்ரோல் வற்றி வார்னிஷாகப் படிந்திருந்தது. அதைக் கழுவியது, பெல்ட்டு மாற்றியது, டயர் வாங்கியது எல்லாம் நீண்ட கதை. வாசகர்களைத் தப்பிக்க விடுகிறேன்.

பெயிண்ட் விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. பொருட்காட்சிக்குப் போகிறவர்கள் எல்லாப் பெயிண்டையும் சுரண்டி எடுத்துவிட்டு, புதுச் சிவப்பு அடித்து, அச்சடித்த குதிரைத் தலையை ஒட்டி, கல்யாணப் பிள்ளை மாதிரி கொண்டு போய் நிறுத்துகிறார்கள். நானும் அப்படித்தான் செய்யப் போகிறார் என்று எண்ணினேன். பெரியவர் மூக்கைச் சுளித்தார். "எதுவும் ஒரு தடவைதான் அசலாக இருக்க முடியும்" என்றார். மண்ணைக் கழுவினார், எண்ணெய் போட்டுத் துடைத்தார், அவ்வளவுதான். இடது பக்கத்து மிதிபலகையில் ஓர் உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்டே இல்லை. இரும்பு கண்ணாடியாக மின்னிற்று. அவருடைய தகப்பனாரின் பூட்ஸ் தேய்த்த இடம் அது. எனக்கு நம் ஊர்க் கோயில்களில் திருப்பணி என்று மணலைப் பீச்சியடித்துக் கல்வெட்டு எழுத்துக்களைத் தேய்த்தது நினைவு வந்தது. கும்பாபிஷேகத்துக்கு மறு நாள் கோயில் பளபளவென்றுதான் இருந்தது.

தகப்பனாரின் கதையைப் பெரியவர் ஒரே நாளில் சொல்லவில்லை. ஸ்பானரைத் தேடுகிறபோது கொஞ்சம், நட்டு கீழே விழுந்தபோது கொஞ்சம் என்று சொன்னார். சௌத் பெண்டில் ஸ்டூட்பேக்கர் மோட்டார்த் தொழிற்சாலை இருந்தது. 1852-ல் வண்டி செய்கிற கொல்லுப் பட்டறையாகத் தொடங்கி, மோட்டார் செய்ய வளர்ந்த ஸ்தாபனம். 1963 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்னால், அங்கே கார் உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை போயிற்று. அந்தத் தொழிற்சாலையை நம்பியிருந்த சின்னப் பட்டறை ஒன்றில்தான் இவர் தகப்பனாருக்கு வேலை. ஜனவரியில் அதையும் மூடிவிட்டார்கள். மார்ச்சு மாதம் ஒரு நாள் மனிதர் தவணையில் இந்தச் சிவப்பு டிராக்டரை வாங்கிக் கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். இவர் தாயார் மூன்று நாள் அவரோடு பேசவில்லையாம்.

"அந்த வசந்த காலத்தில் இந்தப் பக்கத்துத் தோட்டம் முழுவதும் அப்பாதான் உழுதார். நான் பின்னால் கல் பொறுக்கிக் கொண்டு போவேன். எனக்குப் பதின்மூன்று வயது. குளிர்காலத்தில் விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பி வீடு வீடாகப் பனி தள்ளுவார். அந்த எஞ்சின் சத்தம் கேட்டால் அன்றைக்கு வீட்டில் ரொட்டி உண்டு என்று அர்த்தம்."

இப்போது என்ன அவசரம் என்றால், அக்டோபரில் அவர் அந்த வீட்டை விற்றுவிட்டு முதியோர் இல்லத்துக்குப் போகிறார். மனைவி போய்விட்டாள். கைகள் நடுங்க ஆரம்பித்திருந்தன. மகன் வேறு மாகாணத்தில் இருக்கிறான். கொட்டகைச் சாமானையெல்லாம் பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டு எடுத்துப் போகச் சொல்லும்படி டெலிபோனில் சொல்லியிருந்தானாம். "தப்பாகச் சொல்லவில்லை. அவனுக்கு வீட்டில் இடம் எங்கே?" என்றார் பெரியவர். "போவதற்கு முன்னால் ஒரு தடவை சத்தம் கேட்டுவிட வேண்டும்."

கடைசியாக பாயிண்ட் வேலை வந்தது. எஞ்சின் பக்கவாட்டில் ஒரு சின்ன மூடிக்கு அடியில் இரண்டு உலோக முனைகள் ஒன்றையொன்று தொட்டுக் கொண்டிருக்கும். உள்ளே இருந்து ஒரு குச்சி வந்து தள்ளும்போது பிரியும். பிரிகிற கணத்தில் பிளக்கில் நெருப்புப் பொறி. எஞ்சின் முழு வேகத்தில் ஓடினால் நிமிஷத்துக்கு 1,800 தடவை. பிரிகிற இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு, அதாவது அரை மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அந்தக் கனத்துக்கு ஒரு தகடு உண்டு. தகட்டை இடையில் செருகி, லேசாக உராயும்படி பார்த்துக் கொண்டே திருகை முடுக்க வேண்டும். பெரியவர் மூன்று தடவை முயன்றார். தகடு மூன்று தடவையும் கீழே விழுந்தது. நாலாம் தடவை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"பேனா பிடிக்கிற கைதானே. நடுங்காது" என்றார்.

குனிந்து தகட்டைச் செருகினேன். முகத்தைப் பார்க்காமல் பேசுவது சுலபமாக இருந்ததோ என்னவோ, அவரிடம் ஒரு விஷயத்தைச் சொன்னேன். என் மனைவிக்கும் முழுசாகச் சொன்னதில்லை.

கரூருக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். அங்கெல்லாம் கிணற்றுப் பாசனந்தான். மாடு பூட்டிக் கவலை இறைப்பார்கள். 1962-ல் என் தகப்பனார் கவலை மாட்டு ஜோடியை விற்று, அதற்கு மேல் கடனும் வாங்கி, 5 குதிரைச் சக்தி ஆயில் எஞ்சின் ஒன்றைக் கொண்டு வந்து கிணற்று மேட்டில் நிறுத்தினார். மாட்டைப் பிடித்துக் கொண்டு போன அன்றைக்கு அம்மா சாப்பிடவில்லை. கைப்பிடி போட்டு இரண்டு பேர் சுற்ற வேண்டும். "டுக்கு டுக்கு" என்று கிளம்பினால் மூன்று காடு தாண்டிக் கேட்கும். அந்தச் சத்தத்தில்தான் எனக்குக் காலேஜுச் சம்பளம் வந்தது. பிற்பாடு கரண்ட் வந்து மோட்டார் போட்டோம். எஞ்சின் ரூமில் எஞ்சின் அப்படியே இருந்தது. அப்பா வாரம் ஒரு தரம் போய்த் துடைத்து எண்ணெய் போட்டுவிட்டு வருவார். 1986-ல் அவர் படுத்த படுக்கையாகிவிட்டார். நான் மெட்ராஸிலிருந்து வந்தவன், கூரை ஒழுகுகிறது, இடம் அடைக்கிறது என்று எஞ்சினை எடைக்குப் போட்டேன். 700 ரூபாய்ச் சொச்சம் கிடைத்தது. அப்பாவிடம் சொல்லவில்லை.

அதற்கப்புறம் பதினோரு மாதம் அவர் இருந்தார். ஊருக்குப் போகும் போதெல்லாம் கேட்பார்: "எஞ்சின் ரூம் கதவு சாத்தியிருக்குதா சாமி? சாரல் அடிச்சாத் துருப் பிடிச்சுப் போகும்." நானும் ஒவ்வொரு தடவையும், "சாத்தியிருக்குதுங்கப்பா" என்பேன்.

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "என்ன கம்பெனி எஞ்சின்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஃப்ளைவீலில் எழுத்து இருந்தது, பச்சைப் பெயிண்டு, பெயர் ஞாபகமில்லை. "அடடா" என்றார். விற்றதற்காகச் சொன்னாரா, பெயரை மறந்ததற்காகச் சொன்னாரா என்று தெரியாது. அழுக்குத் துணியை எடுத்து என்னிடம் கொடுத்தார். "தகடு உராய்கிறதா?"

"லேசாக உராய்கிறது."

"அப்படியானால் திருகை இறுக்குங்கள்."

மறு நாள் சனிக்கிழமை. சாவியைத் திருப்பியதும் டிராக்டர் முனகிற்று, தும்மிற்று, பிள்ளையார் கோயில் வெடி மாதிரி ஒன்று வெடித்தது. சிலிண்டரில் விட்ட கஷாயமெல்லாம் நீலப் புகையாகக் கிளம்பிக் கொட்டகையை மூடிவிட்டது. என் மனைவி தீப்பிடித்துவிட்டதென்று வாளித் தண்ணீரோடு ஓடி வந்தாள். புகைக்குள்ளிருந்து சத்தம் மட்டும் வந்து கொண்டிருந்தது. தடதடவென்று, விட்டு விட்டு, பிறகு ஒரே சீராக. பெரியவர் ஓட்டவில்லை. கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டுக் கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் மகன் வந்தான். நாற்பது வயது கடந்தவன், மரியாதை தெரிந்தவன், அடிக்கடி கடிகாரத்தைப் பார்க்கிறவன். அவனைப் பற்றிக் கோபமாக எழுத வேண்டும் என்று மனசில் வாக்கியங்கள் தயார் செய்து வைத்திருந்தேன். ஆனால் அவன் கொட்டகை வாசலில் நின்று, எது பயன்படும், எது அடைசல் என்று ஒரு பார்வை பார்த்தான் பாருங்கள். அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். முப்பத்தாறு வயதில் எஞ்சின் ரூம் வாசலில் நான் அப்படித்தான் நின்றேன். தகப்பனார் சொன்னதற்காக டிராக்டரில் ஏறிப் புல்தரையை ஒரு சுற்றுச் சுற்றினான். இறங்கி எஞ்சினை நிறுத்தினான். "இதற்கெல்லாம் இன்னும் ஆள் இருக்கிறார்களா வாங்க?" என்று என்னைக் கேட்டான். இருக்கிறார்கள் என்றேன். தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டான்.

செப்டம்பரில் நாங்கள் ஊர் திரும்பினோம். பெரியவரிடம் டிராக்டரை என்ன செய்யப் போகிறார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அக்டோபர் கடைசியில் பெண் டெலிபோன் செய்தாள். பக்கத்து வீட்டில் புதிதாக யாரோ குடி வந்துவிட்டார்கள் என்றாள். கொட்டகையில் இருந்த டிராக்டர் என்னவாயிற்று என்று கேட்டேன். "நான் ஆபீசில் இருந்தேனுங்கப்பா, பார்க்கலை" என்று சொல்லிவிட்டுப் பேரனிடம் கொடுத்தாள். அவனுக்கு அன்றைக்கு ஏதோ பள்ளிக்கூட விடுமுறை. வேலியோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான்.

"அந்தத் தாத்தாவோட மகன்தான் லாரி கொண்டு வந்தாங்க. பலகை வச்சு மெதுவா ஏத்துனாங்க. கயிறு கட்டுறப்ப மிதிபலகை மேல போர்வையை மடிச்சு வச்சுக் கட்டுனாங்க, பெயிண்ட் போயிடக் கூடாதுன்னு. அங்கதான் பெயிண்டே இல்லையே தாத்தா, அப்புறம் எதுக்குப் போர்வை?"